இராமநாதபுரம் கரையிலிருந்து குற்றவியல் படிக்கப் போகிறவருக்கு

கடல் அட்டையை நம் கரையில் யாரும் உண்பதில்லை. அதை வேகவைத்துக் காயவைத்துக் கிழக்காசிய நாடுகளுக்கு அனுப்பும் வாணிபம் மட்டும் மன்னார் வளைகுடாவில் பல தலைமுறைகளாக நடந்தது. மூழ்கி அட்டை எடுப்பது இங்குள்ள பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். 2001ஆம் ஆண்டில் அந்த உயிரினம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள், அதாவது பிடிக்கவே கூடாதவற்றின் பட்டியலுக்குள், வந்தது. முந்தைய நாள் வரை தொழிலாளியாக இருந்தவர், மறுநாள் அதே இடத்தில் அதே கையால் அதே அட்டையை எடுத்தபோது குற்றம் சாட்டப்படத்தக்கவர் ஆனார். ஒரு செயல் எப்போது, யாரால் குற்றமாக்கப்படுகிறது, அதை மக்கள் ஏன் செய்கிறார்கள், செய்தவரையும் அதனால் பாதிக்கப்பட்டவரையும் அரசு எப்படி நடத்துகிறது என்று முறையாகக் கேட்கும் படிப்புக்குத்தான் குற்றவியல் என்று பெயர்.

இதைத் தொடக்கத்திலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் படிப்பைத் தேடி வருகிற நம் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் துப்பறியப் போவதாக நினைத்து வருகிறார்கள். மீதிப் பாதியில் பெரும்பாலோர் காக்கிச் சட்டைக்கு இது குறுக்கு வழி என்று நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. இந்தக் கரையிலிருந்து போய் இதைப் படித்து முடித்தவன் என்ற முறையில், எந்த வரிசையில் எதைச் செய்தால் வீண் அலைச்சல் குறையும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூன்று படிப்புகளைப் பிரித்தறியுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், கரையில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளிலிருந்து பேட்டரிகளும் வலைகளும் அடுத்தடுத்துத் திருடு போகின்றன என்று வைத்துக்கொள்வோம். சட்டம் படிப்பவர், இது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் வருமா, எதை எப்படி மெய்ப்பிக்க வேண்டும் என்று கேட்பார். தடய அறிவியல் படிப்பவர், படகின் மேல்தளத்தில் கிடைத்த கைரேகையையும் அறுக்கப்பட்ட கம்பியின் முனையையும் ஆராய்வார். குற்றவியல் படிப்பவரின் கேள்வி வேறு: ஏன் இந்த இரண்டு மாதங்களில், ஏன் இந்த இறங்குதளத்தில்? 1979இல் கோஹன், ஃபெல்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், செய்யத் துணிந்தவர், எடுக்க ஏதுவான பொருள், காவலுக்கு ஆள் இல்லாமை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடும்போதுதான் குற்றம் நடக்கிறது என்று ஒரு விளக்கம் தந்தார்கள். படகுக்குப் போகிறவர்கள் எல்லாரும் வேறு வேலைக்குக் கேரளத்துக்கோ திருப்பூருக்கோ போய்விட்ட மாதத்தில் இறங்குதளம் எப்படி இருக்கும் என்று அறிந்த ஒருவருக்கு இந்தக் கோட்பாட்டை விளங்கிக்கொள்ளப் புத்தகம்கூட வேண்டியதில்லை.

ஆகவே, ஆய்வகத்தில் வேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் குற்றவியலில் சேர்ந்து ஏமாற வேண்டாம். அவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்து, வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்ற ஒன்றில் இளநிலை முடித்துவிட்டுத் தடய அறிவியலுக்குப் போக வேண்டும். அந்தத் துறைக்கு இப்போது தேவை கூடியிருக்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடய வல்லுநர் நிகழ்விடத்துக்கு நேரில் வர வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு சொல்கிறது. வழக்காட விரும்புகிறவருக்குச் சட்டப் படிப்பே நேர்வழி. ஏன், எப்படி என்ற கேள்வி யாரை உறங்கவிடாமல் செய்கிறதோ அவருக்குத்தான் குற்றவியல்.

எங்கே படிப்பது

நமக்கு அருகில் இருப்பது திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் மற்றும் குற்றவியல் நீதித் துறை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, தூத்துக்குடி வழியாகப் போய்விடலாம். அடுத்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை. நாட்டிலேயே இந்தப் பாடத்துக்கு நெடிய மரபுள்ள இடங்களுள் ஒன்று. 1970இல் தொடங்கிய இந்தியக் குற்றவியல் சங்கம் அந்தத் துறையை ஒட்டியே வளர்ந்தது. மாலையில் இராமேசுவரத்திலிருந்து புறப்படும் இரயிலை இன்னும் ‘போட் மெயில்’ என்றே சொல்லும் வீட்டுப் பெரியவர்கள், சென்னை என்றால் தயங்க மாட்டார்கள். பெண் பிள்ளையைத் தனியே அனுப்பத்தான் தயங்குவார்கள். அவர்களிடம் விடுதியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும், பாடத்தைப் பற்றி அல்ல.

முதுநிலைப் படிப்பு இரண்டாண்டு, நான்கு பருவம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இளநிலையில் எந்தப் பாடம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம் என்பதால், வரலாறோ தமிழோ பொருளியலோ முடித்தவர் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. வெளி மாநிலம் போகத் துணிந்தவர்களுக்கு மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் உண்டு. 1936 முதல் இயங்கிவரும் அங்கே குற்றவியலைச் சமூகப்பணியோடு சேர்த்துக் கற்பிக்கிறார்கள், சிறைக்குள்ளும் காவல் நிலையத்திலும் களப்பணி செய்யவைக்கிறார்கள். காந்திநகரில் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியத் தகுதி பெற்ற தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு.

தொலைநிலையில் படிக்க நினைப்பவர் பணம் கட்டும் முன், அந்தப் படிப்பின் பெயரும் அந்தக் கல்வியாண்டும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பேருந்து நிலையத்துச் சுவரொட்டியில் ‘குற்றவியல் டிப்ளமோ, உடனடி வேலை’ என்று போட்டிருந்தால் அந்தச் சுவரையும் தாண்டி நடந்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் தவறு செய்யாதிருக்க

இதில் சொல்ல அதிகமில்லை. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே பெரும்பாலான விண்ணப்பங்கள் தொடங்கிவிடும் என்பதால், ஐந்தாம் பருவம் வரையிலான மதிப்பெண் பட்டியலோடு காத்திருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் பதிந்து வாங்கிவிடுங்கள். ஜூனில் எல்லாரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள். இளநிலையில் சேரும் அரசுப் பள்ளி மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதால், கல்லூரியில் சேர்ந்த வாரத்திலேயே அதற்கான பதிவைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

முதல் பருவம்: கோட்பாட்டை ஊருக்குக் கொண்டு வந்து படியுங்கள்

முதல் பருவத்தில்தான் பலர் திணறுகிறார்கள். 1764இல் பெக்காரியா, 1876இல் லொம்ப்ரோசோ, 1938இல் மெர்ட்டன், 1939இல் சதர்லாந்து, 1963இல் பெக்கர் என்று பெயர்களும் ஆண்டுகளும் வரிசைகட்டி வரும். மனப்பாடம் செய்தால் தேர்வில் தேறலாம். ஆனால் எதுவும் ஒட்டாது. ஒவ்வொன்றையும் நமக்குத் தெரிந்த ஒன்றின் மேல் வைத்துப் பார்ப்பதே நான் கண்ட வழி.

லொம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவர், குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளியாகப் பிறக்கிறான், அவனை மண்டையோட்டையும் தாடையையும் அளந்து கண்டுகொள்ளலாம் என்று எழுதினார். வகுப்பில் எல்லாரும் சிரிப்பார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளை சிரிக்க முடியாது. அவர் எழுதுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1871இலேயே, ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்றை இந்தியாவில் போட்டுவிட்டது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகம் முழுவதையும் அரசிதழில் அறிவித்து, அதன் ஆண்களின் கைரேகையைப் பதிந்து, இரவில் ஊரை விட்டு நகராமல் கட்டிப்போடும் அதிகாரத்தை அது தந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயரே கைரேகைச் சட்டம். மதுரை வட்டாரத்தில் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அதை எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. இராமநாதபுரம் பகுதியில் கமுதி, முதுகுளத்தூர்ச் சீமையிலும் அந்தச் சட்டம் பாய்ந்தது. முத்துராமலிங்கத் தேவர் அதற்கெதிராகப் பல ஆண்டுகள் இயக்கம் நடத்தினார். 1947இல்தான் மாகாணத்தில் அது நீக்கப்பட்டது. பிறவிக் குற்றவாளி என்ற கருத்து ஏட்டில் இருந்தால் அது பழங்கதை. சட்டமாகி ஒரு கிராமத்துக்குள் வந்தால் அது என்ன செய்யும் என்பதை நம் வீட்டு மூத்தவர்களின் நினைவிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பெக்கரின் முத்திரைக் கோட்பாடு, அதாவது ஒருவருக்குக் குத்தப்பட்ட பெயரே அவரைத் தொடர்ந்து குற்றத்துக்குள் தள்ளுகிறது என்ற கருத்து, இதற்குப் பிறகு தானாக விளங்கும்.

சதர்லாந்துக்கு வாருங்கள். குற்றம் ஏழையின் வழக்கம் என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், மதிப்பான இடத்தில் இருப்பவர்கள் தொழிலின் பெயரால் செய்யும் தீங்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில், மனநலம் குன்றியோரை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். கத்தி எடுத்தவர் எவரும் அங்கே இல்லை. காசு வாங்கிக்கொண்டு கட்டிவைத்தவர், கட்டிவைக்கத் தந்துவிட்டுப் போனவர், அப்படி ஒரு கொட்டகை இருப்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டும் கடந்துபோன அலுவலர்கள் என்று பொறுப்பு பலர் மேல் பரவிக் கிடந்தது. மனநலம் குன்றியோரைச் சங்கிலியால் பிணைப்பது எந்த வடிவிலும் கூடாது என்று வெளிப்படையாகத் தடைசெய்த மனநலப் பராமரிப்புச் சட்டம் வருவதற்கு 2017 ஆயிற்று. குற்றம் என்றால் ஒரு கை, ஒரு ஆயுதம், ஒரு உடல் என்று மட்டும் நினைத்துப் பழகியவர் இந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுவதும் படிக்கலாம்.

2022 மார்ச் முதல், இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் குடும்பம் குடும்பமாகப் படகேறித் தனுஷ்கோடிப் பக்கத்து மணல் திட்டுகளில் வந்து இறங்கியவர்களை எண்ணிப் பாருங்கள். உரிய ஆவணம் இன்றி நாட்டுக்குள் வந்தவர் என்று பார்த்தால் அது குற்றம். பசிக்குத் தப்பி வந்தவர் என்று பார்த்தால் அடைக்கலம். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால், மண்டபம் முகாமுக்குப் போவதா நீதிமன்றத்துக்குப் போவதா என்பதை நிருவாக முடிவே பெரிதும் தீர்மானிக்கிறது. இதைத் தேர்வில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இதைப் பற்றி நான்கு பக்கம் எழுதிப் பார்த்தவருக்குத் தேர்வுக் கேள்விகள் எளிதாகிவிடும்.

பழைய புத்தகமும் புதிய சட்டமும்

மூத்த மாணவர்களிடம் குறிப்பேடு வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷிய அதிநியம் நடப்பில் உள்ளன. 511 பிரிவுகள் 358 ஆகிவிட்டன. கொலை 302இலிருந்து 103க்கும், ஊரெல்லாம் வசைச்சொல்லாகிப் போன 420 இப்போது 318க்கும் நகர்ந்துவிட்டன. அதற்காகப் பழையதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்த நாளுக்கு முன் நடந்த குற்றங்கள் பழைய சட்டப்படியே தண்டிக்கப்படும் என்பதால், இன்னும் பல ஆண்டுகளுக்கு நீதிமன்றத்தில் இரண்டு எண்களும் ஒலிக்கும். ஒரு நோட்டின் இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புதிய எண் என்று முப்பது முக்கியப் பிரிவுகளை நீங்களே எழுதிவைப்பது போதும்.

பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் வழியில் படித்து வந்தவர் முதல் இரண்டு மாதம் ஒடுங்கிப் போவது இயல்பு. ஆனால் தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையும் சாட்சிகளின் வாக்குமூலமும் தமிழில்தான் இருக்கின்றன. அவற்றைப் பிழையறப் படித்துப் பொருள் கொள்வதில் நீங்கள்தான் வகுப்பில் முன்னே நிற்பீர்கள். பாலியல் குற்றங்கள் போன்ற நுட்பமான வழக்குகள் நீங்கலாக மற்ற முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதால், காவல்துறையின் தளத்தில் அவற்றைப் பார்க்கலாம். வாரத்துக்கு இரண்டு படித்தாலும், ஒரு பருவ முடிவில் ஒரு புகார் எப்படி வழக்காகிறது என்ற நடை பிடிபட்டுவிடும்.

எண்களைக் கண்டு அஞ்சாதீர்கள், உடனே நம்பவும் வேண்டாம்

புள்ளியியல் தாள்தான் பலரைத் தோற்கடிக்கிறது. ஆனால் இந்தத் துறையில் கூட்டல் கழித்தலைவிட, எண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே பெரிது. 1986இல் அமைந்த தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் குற்றத் தொகுப்பு, நடந்த குற்றங்களின் கணக்கு அன்று. காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளின் கணக்கு. ஒரே வழக்கில் கொலையும் கொள்ளையும் இருந்தால் கூடிய தண்டனைக்குரிய கொலை மட்டும் எண்ணப்படும். கொள்ளை அந்த அட்டவணையில் தென்படாது. வீட்டுக்குள் அடி வாங்கிய பெண் ஊர்ப் பஞ்சாயத்தோடு நிறுத்திக்கொண்டால் அதுவும் எங்கும் பதியாது.

நம் கடலைப் பொறுத்தவரை இது இன்னும் சிக்கல். அட்டை பிடித்தவரை வனத்துறை பிடித்தால் ஒரு வழி, கடலோரக் காவல் நிலையம் பிடித்தால் இன்னொரு வழி. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போட்டால், 1983ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மீன்வளத் துறை அதைக் கையாளும். அந்த விசைப்படகு நாட்டுப்படகுக்காரரின் வலையை அறுத்துப் போவதால் வரும் இழப்பு திருட்டைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆயினும் அது குற்றப் பட்டியலில் திருட்டுக்குப் பக்கத்தில் இடம் பெறுவதில்லை. ‘மாவட்டத்தில் குற்றம் குறைந்தது’ என்ற செய்தியைப் படிக்கும்போது, எந்தத் துறையின் ஏட்டில் குறைந்தது என்று கேட்கப் பழகுங்கள்.

சிறைப் புள்ளிவிவரத்தையும் பாருங்கள். 2022ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, நாட்டின் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணைக் கைதிகள். சிறை என்றால் குற்றவாளிகள் இருக்கும் இடம் என்ற எண்ணத்தை இந்த ஓர் எண் கலைத்துவிடும்.

களத்துக்குப் போகும் முறை

முதல் களம் நீதிமன்றம். குற்ற வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த மன்றத்தில் நடக்க வேண்டும் என்பது சட்டம். இராமநாதபுரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள் கைப்பேசியை அணைத்துவிட்டுப் போய்ப் பின்வரிசையில் அமரலாம். பாலியல் வன்முறை வழக்குகளும் போக்சோ வழக்குகளும் மூடிய அறையில் நடக்கும். அங்கே எட்டிப் பார்க்கவும் கூடாது. பத்து நாள் உட்கார்ந்தால், தீர்ப்புகளைவிட வாய்தாக்களே அதிகம் என்பது தெரியும். சாட்சி வரவில்லை, சம்மன் சேரவில்லை, ஆய்வக அறிக்கை வரவில்லை என்று காரணங்களை எழுதிவையுங்கள். என் முதல் ஆய்வேட்டுக்கான தலைப்பு அந்தப் பட்டியலிலிருந்துதான் கிடைத்தது.

இரண்டாவது, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. அங்கே சட்டத் தன்னார்வலராகச் சேர விண்ணப்பிக்கலாம், பயிற்சியும் தருவார்கள். சிறையில் இருக்கும் மகனுக்குப் பிணை கேட்கத் தெரியாமல் நிற்கும் தாயோடு ஒரு நாள் அலைந்தால், பாதிக்கப்பட்டோர் என்ற சொல்லின் எல்லை எவ்வளவு அகலம் என்று புரியும்.

மக்களிடம் பேசப் போகும்போது எச்சரிக்கை வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது, பொருள் கடத்தல் வழக்கில் கைதான ஒருவரின் வீட்டுக்குக் கேள்வித்தாளோடு போனேன். அந்த அம்மா மோர் கொடுத்து உட்காரவைத்தார். முதல் கேள்வியே ‘உங்கள் கணவர் எத்தனை ஆண்டுகளாக இந்தத் தொழிலில்’ என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவேயில்லை. மறுநாள் அந்தத் தெருவில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. பிழை முழுவதும் என்னுடையது. வழக்கு நடக்கும்போது அதைப் பற்றிக் கேட்கவே கூடாது. பெயரும் தெருவும் படகு எண்ணும் குறிப்பேட்டில் இருக்கக் கூடாது. பேச மறுப்பது அவர் உரிமை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏர்வாடி தர்காவைச் சுற்றித் தங்கியிருக்கும் நோயாளிகளைப் படம் எடுப்பதை ஆய்வு என்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அலுவலகத் தகவல் வேண்டுமென்றால், தெரிந்த ஏட்டையாவிடம் காதோடு கேட்காமல், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள். ஏட்டையா சொன்னதை ஆய்வேட்டில் போட முடியாது. பதில் கடிதத்தைப் போடலாம்.

படித்து முடித்த பின்

காவல் சார்பு ஆய்வாளர் பணிக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். உடற்தகுதியும் எழுத்துத் தேர்வும்தான் தீர்மானிக்கும். குற்றவியல் படித்ததால் ஓட்டத்தில் நேரம் குறையாது. இந்தப் படிப்புக்கு உண்மையில் நெருங்கிய பணிகள், தண்டிக்கப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடும் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தை ஒட்டிய நன்னடத்தை அலுவலர், சிறைத்துறை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், சிறைகளிலும் கடலோர ஊர்களிலும் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் ஆகியவை. இவற்றுள் பல ஒப்பந்தப் பணிகள், ஊதியமும் குறைவு. இதை மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை. கற்பிக்க விரும்புகிறவர் தேசியத் தகுதித் தேர்வில் குற்றவியலையே பாடமாக எடுத்து எழுதலாம். சட்டமும் சேர்த்துப் படித்துவிட்டு மாவட்ட நீதிமன்றத்தில் குற்ற வழக்குகளை எடுத்து நடத்துவோரும் உண்டு. அவர்கள் குறுக்கு விசாரணையில் கேட்கும் கேள்விகளின் தரமே வேறு.

கடைசியாக ஒரு காரியம். அறிவிக்கையில் ‘சமூகப்பணி அல்லது குற்றவியலில் முதுநிலை’ என்று இருக்கும். உங்கள் பட்டத்தில் ‘குற்றவியல் மற்றும் காவல் நிருவாகம்’ என்றோ ‘குற்றவியல் நீதி அறிவியல்’ என்றோ அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒன்றா என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பார். நான் ஒருமுறை நேர்காணல் அறை வரை போய், இந்த ஒரு கேள்விக்குத் தாள் இல்லாமல் திரும்பியிருக்கிறேன். எனவே, பட்டமளிப்பு விழாவுக்குப் போகும் அன்றே, பல்கலைக்கழக அலுவலகத்தில் பாடத்திட்டத்தின் சான்றொப்பமிட்ட படியையும், உங்கள் பட்டம் எதற்கு இணையானது என்ற அரசாணை இருந்தால் அதன் எண்ணையும் கேட்டு வாங்கி, மதிப்பெண் பட்டியலோடு ஒரே உறையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் பேருந்து ஏறுங்கள்.